பொம்பெய் சீட்டில் ஒட்டிய படம்

என் நண்பன் ராசய்யா சீட்டு ஓரத்தில் நகத்தால் கள்ள அடையாளம் வைத்து எங்களை எல்லாம் ஏமாற்றுகிறான் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய ஐந்து மாதம். சும்மாவும் நம்பவில்லை. துப்பறியும் அதிகாரி மாதிரி ஆதாரம் சேர்த்துக்கொண்டு நம்பினேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் என் கல்யாணக் கோட்டின் கதையைப் படித்துவிட்டுச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரமும் சிரிக்க இடம் உண்டு, ஆனால் முன்பாதியில்தான். அதற்குள் சிரித்து முடித்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை பெஞ்சு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலாக்கா பக்கம் செலண்டார் ஊரின் கடை வரிசையில் கோவிந்தண்ணனின் முடிவெட்டும் கடை இருந்தது. ஒரு நாற்காலி, ரசம் போன ஒரு கண்ணாடி, ஒரு நீளப் பெஞ்சு. உள்ளே நுழைந்தால் முகப்பவுடரும் படிகாரமும் கலந்த வாசனை அடிக்கும்.

செவ்வாய்க்கிழமை நம்மவர்கள் தலையில் கத்தரி படவிட மாட்டார்கள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். வெள்ளியன்று அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். செவ்வாயன்று மட்டும் ஒரு தலையும் வராது என்று தெரிந்தே திறந்துவைப்பார்.

"பூட்டிட்டு வீட்ல உக்காந்தா, உங்க அண்ணி கூரையில ஏறி ஒழுகுற இடத்த அடைக்கச் சொல்லும் லா. அதுக்கு இங்க உக்காந்து ஈ ஓட்டலாம்."

அந்த ஈ ஓட்டும் நேரத்தில்தான் எங்கள் விளையாட்டு பிறந்தது.

எங்கள் எஸ்டேட் கைமாறியபோது பழைய தொரை பங்களாவைக் காலி செய்தார்கள். குப்பையோடு எரிக்கப்போன சாமான்களில் ஒரு தேக்குப் பெட்டி இருந்தது. கத்தரி, சீப்பு, மெஷின் வைக்கத் தோதான பெட்டி என்று அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். திறந்து பார்த்தால் உள்ளே நாற்பது கனத்த அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒட்டியிருந்தது. பின்பக்கம் சாய்ந்த ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர்.

எல்லாமே ரோமானியர்கள் கட்டிவிட்டுப் போன கட்டடங்கள். கூரை இல்லாத தூண்கள், எங்கேயும் போய்ச் சேராத படிக்கட்டுகள், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுவர் இல்லாமல் தனியாக நிற்கும் வாசல்கள். எந்தக் காலத்துத் தொரையோ விடுமுறைக்குப் போன நாடுகளில் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு கரப்பானும் கரையானும் வந்து அட்டை ஓரங்களைத் தின்று வைத்திருந்தன.

ஒரு செவ்வாய் மாலை, மழை. அட்டைகளை வெளியே கொண்டுபோய் எரிக்க முடியாது. அண்ணன் ஒரு அட்டையை எடுத்து, பின்பக்கப் பெயரை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இது எந்த ஊரு, சொல்லுங்கடா பாப்போம்" என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

முதல் நாற்காலி

விதிகள் தானாக உருவாயின. பெயரின் மேல் ஒரு துண்டுக் காகிதம், அதன்மேல் ஒரு ரப்பர் வளையம். அட்டை பெஞ்சில் கை மாறிக் கை மாறிப் போகும். ஒருவர் பத்து எண்ணும் வரை வைத்துப் பார்க்கலாம். கடைசி ஆள் வரை போன பிறகு ஒவ்வொருவராக ஊர் சொல்ல வேண்டும். அண்ணன் வளையத்தைக் கழற்றிப் படிப்பார்.

அதிகம் சரியாகச் சொன்னவருக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்காலி. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்தப் பெஞ்சிலும் வாசலிலுமாகப் பதினைந்து பேர், பிள்ளைகளோடு, காத்துக்கிடப்பார்கள். ஜெயித்தவர் எட்டு மணிக்கு மேல் சாவகாசமாக வந்து, எல்லாரையும் தாண்டிப் போய் உட்காரலாம். அந்தப் பத்தடி நடைக்கு ஈடாக நான் வாழ்க்கையில் இன்னொரு மரியாதையைப் பார்த்ததில்லை.

சரி, எங்களுக்கு ரோமானியர்களைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவர்களைப் பிடித்தோம். மூன்றடுக்கு வளைவுப் பாலம் என்றால் பிரான்சு. நடுவில் பள்ளமும் சுற்றிலும் படியுமாக இருந்தால், நான் வேலை பார்த்த செம்பனை ஆலையின் பழைய தண்ணீர்த் தொட்டி, அதாவது ரோமாபுரி. மலாக்கா டவுனில் கோட்டை இல்லாமல் நிற்கும் கோட்டை வாசல் மாதிரி இருந்தால் டிம்காட். இதற்குமேல் போனால் எல்லாம் தூண்கள்தான். லெபனான் தூணுக்கும் லிபியா தூணுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மூளை வேண்டும்.

அந்த மூளை எனக்கு இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படிவம் வரை படித்தவன், ஆலையின் எடை மேடையில் கணக்கெழுதும் கிராணி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஆனால் வாராவாரம் ஜெயித்தது ராசய்யா.

ஆறாம் வகுப்பு மேதை

ராசய்யா என் வயதுக்காரன். ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் பிறந்தோம். நடுவில் ஒரு பலகைச் சுவர். ஆறாம் வகுப்போடு படிப்புக்கு வணக்கம் சொல்லிவிட்டான். பல வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, எஸ்டேட் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேலையில் இறங்கினான்.

வேனைத் தினமும் துடைப்பான். பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. பதினெட்டுப் பிள்ளைகள். அதில் ஒன்று என் மகள் மாலதி, மூன்றாம் வகுப்பு.

"அப்பா, இந்த வருசம் முன் சீட்டு எனக்கு மட்டும்தான். மாமாவே சொல்லிட்டாரு. நாங்க வேன்ல ஒரு கேம் விளையாடுவோம் தெரியுமா, அதுல நான்தான்..."

"நல்லது, நல்லது" என்றேன் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து.

இந்த இடத்தில் வாசகர்கள் அந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடலாம். நான் இறக்கவில்லை.

பெஞ்சில் ராசய்யா எப்போதும் கடைசி ஆள். அட்டை அவன் கைக்கு வந்ததும் முகத்துக்கு நேரே தூக்கிப்பிடிப்பான். பெருவிரல் மட்டும் ஓரத்தில் மெல்ல ஊர்ந்துபோகும். மேல் ஓரம், பக்க ஓரம், கீழ் மூலை. பிறகு கண்ணை மூடாத குறையாகச் சொல்வான்.

"பால்பெக்."

அண்ணன் வளையத்தைக் கழற்றுவார். பால்பெக்.

"லெப்டிஸ் மாக்னா."

லெப்டிஸ் மாக்னா!

"டேய், ஒங்கப்பன் அங்கதான் பால்மரம் வெட்டுனாரா?" என்று கேட்பேன். பெஞ்சு சிரிக்கும். ராசய்யாவும் சிரிப்பான். எனக்கு உள்ளே எரியும்.

இப்போது நினைத்தால், அந்த மாதங்களில் அவனைப் பற்றி நான் அடித்த நகைச்சுவைகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. பத்திரிகை படிப்பதை விட்டுவிட்டான். "செய்தியே இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் நடக்குது" என்றேன். சாயாக் கடையில் குவளைக்கு வெளியே தேநீரை ஊற்றினான். "மேசைக்கும் ஒரு தே போடுங்க நானா" என்றேன் கடைக்காரரிடம். எதிரில் வந்தால் நான் பேசும் வரை பேசமாட்டான். "வேன் மொதலாளி, நம்ம கிட்ட பேசுவாரா" என்றேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறது என்று அவனே ஒருமுறை சொன்னான். "அதான் வாயெல்லாம் இனிக்குது" என்றேன்.

இத்தனையும் என் கண்ணெதிரே நடந்தன. ஊரில் நல்ல கண் உள்ளவன் நான்.

பொறி

ஓரத்தை அவன் தடவுவதுதான் என் ஆதாரம். ஆகவே நகக்குறி வைத்திருக்கிறான். ஆகவே படத்தைப் பார்ப்பதே இல்லை. ஆகவே படத்தை மாற்றினால் மாட்டுவான். எவ்வளவு அருமையான புத்தி, பாருங்கள். முதல் ஆகவே ஒன்றைத் தவிர எல்லாம் சரிதான்.

பள்ளி விளையாட்டுப் போட்டியன்று எடுத்த புகைப்படம் ஒன்று வீட்டில் இருந்தது. வேனுக்கு முன்னால் ராசய்யா நிற்கிறான், சுற்றிப் பதினெட்டுப் பிள்ளைகள். அதை ஆலை ஆபீசில் கறுப்பு வெள்ளையாக நகல் எடுத்தேன். அண்ணனிடம் சொல்லிவைத்து, பொம்பெய் அட்டையின் மேல், ஓரம் மறையாமல், அளவாக வெட்டி ஒட்டினேன். பொம்பெய் அட்டைக்குக் கீழ் மூலையில் மூன்று கடி இருக்கும்.

செவ்வாய் மாலை. கடையில் அண்ணன், நான், ராசய்யா, ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பேர். அட்டை பெஞ்சில் கிளம்பியது. அந்த இருவரும் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நான் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அட்டையை ராசய்யாவிடம் நீட்டினேன்.

முகத்துக்கு நேரே தூக்கினான். பெருவிரல் கீழ் மூலைக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று.

"பொம்பெய்."

பெஞ்சு வெடித்தது.

"நல்லாப் பாருடா டேய்!" என்றார் அண்ணன், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

ராசய்யா மறுபடி பார்த்தான். அட்டையை மூக்குவரை கொண்டுபோனான். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினான், கொஞ்சம் வலப்பக்கம். தன் முகத்தையும், தன் வேனையும், பதினெட்டுப் பிள்ளைகளையும் நேருக்கு நேர் பார்த்தான்.

"இதுல என்ன சந்தேகம்? பொம்பெய்தான். தெரு. ரெண்டு பக்கமும் செவுரு. ஆளே இல்ல."

மற்றவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ராசய்யா எங்கள் பொறியைத் திருப்பி எங்கள் மேலேயே போட்டுவிட்டான் என்று நினைத்தார்கள். "பலே! ஞாயித்துக்கிழம நாக்காலி ஒனக்குத்தான்" என்று அண்ணன் தொடையைத் தட்டினார்.

நான் அவன் பக்கத்தில் இருந்தேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை. சிரிப்புச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அவனும் சிரிக்க முயன்றுகொண்டிருந்தான்.

கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்க எனக்கு மறந்துபோயிற்று.

கிளம்பும்போது வாசலில் என் தோளைத் தொட்டான். "சேகரு, ஏன்டா எல்லாம் அப்படிச் சிரிச்சானுங்க? சரிதானே நான் சொன்னது?"

"சரிதான் லா" என்றேன்.

வெங்காய வைத்தியம்

அன்றைக்கு ராத்திரி. மாலதி பள்ளிப்பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். காலை ஆறரைக்கு வேன் வந்துவிடும். எஸ்டேட் செம்மண் பாதை, ஆலை வளைவு, குலை ஏற்றிய லோரிகள், பெரிய ரோட்டு முச்சந்தி, சமிக்ஞை விளக்கு. ஒவ்வொன்றாக மனசுக்குள் வந்தது. ஒவ்வொன்றிலும் ராசய்யாவின் பெருவிரல் ஸ்டீயரிங் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் அவன் வேன் போயிற்று. தலைமையாசிரியரிடம் சொன்னால் போலீஸ் வரும். அவனிடமே சொன்னால்... என்னவென்று சொல்வது? நீ ஏமாற்றுகிறாய் என்று பொறி வைத்தேன், அதில் உன் கண் மாட்டிக்கொண்டது என்றா?

ஒரு முடிவுக்கு வந்தேன். அக்குளில் வெங்காயம் வைத்தால் உடம்பு சுடும் என்று பள்ளி நாளில் கேள்விப்பட்டிருந்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து, தூங்கும் பிள்ளையின் அக்குளில் பாதி வெங்காயத்தைச் செருகிவிட்டு, தெர்மாமீட்டரோடு பக்கத்தில் குந்தியிருந்தேன்.

என் மனைவி விளக்கைப் போட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"காய்ச்சல்."

"யாருக்கு?"

"வரும்."

அவள் என்னையும் வெங்காயத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒங்களுக்குத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மாலதி, பள்ளிக்குப் போகவேண்டாம் என்று கேட்ட சந்தோஷத்தில், வெங்காயத்தைத் தானே சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

வேன் வந்தது. நான் வாசலுக்குப் போய், "மாலதிக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

"ஐயையோ" என்றான் ராசய்யா. அவன் முகம் சுருங்கியது. பிள்ளை மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன்.

அன்று என் மோட்டார் சைக்கிளில் வேனைப் பின்தொடர்ந்தேன். இடது காலில் என் செருப்பு, வலது காலில் மனைவியின் செருப்பு, இடுப்பில் சாரம். வேன் மெதுவாக, கோடு போட்ட மாதிரிப் போனது. முச்சந்தியில் முன்னால் ஒரு கார் நின்றது, அவனும் நின்றான். கார் கிளம்பியது, அவனும் கிளம்பினான். பார்த்தாயா, நன்றாகத்தான் ஓட்டுகிறான், நீதான் பயந்தாங்கொள்ளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனேன். மனைவியின் செருப்போடுதான் போனேன்.

ஸ்குரூடிரைவர்

வியாழன் மாலை அவன் வீட்டுக்குப் போனேன். பேசிவிடுவது என்றுதான் போனேன்.

வேனின் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். ஈரமான மண் வாசனை. நான் மூன்று தடவை தொண்டையைச் செருமினேன்.

"சேகரா? என்ன, லோரி ஸ்டார்ட் ஆவாத மாதிரி இருமுற?"

"ஒண்ணுமில்ல. ராசய்யா... வந்து..."

"சொல்லுடா."

"ஸ்குரூடிரைவர் இருக்கா?"

எழுந்து போனான். கருவிப் பெட்டியில் கையை விட்டான். தலையைத் திருப்பாமலே சரியானதை எடுத்துத் தந்தான். அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"மாலதி நாளைக்கு வருமா?" என்று கேட்டான்.

"பாக்கணும்."

"கொஞ்சம் சீக்கிரம் அனுப்புடா. அந்தப் புள்ள இல்லாம வண்டி ஓட்ட ரொம்பக் கஷ்டமா இருக்கு."

நான் சிரித்தேன். "ஏன், அது என்ன ஒனக்குக் கிளீனரா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. தண்ணீர்க் குழாயை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான்.

அந்த ஸ்குரூடிரைவர் இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை

வெள்ளியும் காய்ச்சல். இப்போது வெங்காயம்கூட வைக்கவில்லை, வாயால் சொன்னதோடு சரி.

விடியும்போது தூறல். எடை மேடையில் முதல் லோரியை நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினேன். லோரிக்காரர் இறங்காமலே சொன்னார்.

"கிராணி, நம்ம ராசய்யா வேன் ஆலை வளைவுல லோங்கான்ல கெடக்கு."

ஓரத்தில் ஒரு டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் நின்றிருக்கிறது. கிட்டே வந்த பிறகுதான் அவனுக்கு ஏதோ கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒடித்தான். வேன் சாலையோரக் கால்வாயில் சரிந்தது. நான் ஓடிப்போனபோது பிள்ளைகள் செம்பனை மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் சேறு. ஒரு பையன் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் பிள்ளையின் நெற்றியில் யாரோ துண்டை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

ராசய்யா நடுவில் நின்று பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் "இருக்கேன் மாமா" என்று குரல் வந்த பிறகு அடுத்த பெயர். பதினேழு பெயர். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

போலீஸ்காரர் வந்தபோது கூடியிருந்தவர்கள் பிரேக் என்றார்கள், மழை என்றார்கள், டிராக்டர் என்றார்கள். ராசய்யா சாவியை நீட்டினான்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. எனக்குக் கண்ணு தெரியல. எட்டு மாசமாச்சு."

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மாலதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அப்பா, யாரு முன் சீட்டுல இருந்தா?"

"தெரியலம்மா."

"அவங்களுக்கு அந்த கேம் வெளாடத் தெரியாதுப்பா. மாமா, முன்னால என்னா வருதுன்னு கேப்பாரு. நான் டக்குன்னு சொல்லணும். லோரி, மோட்டார், செவப்பு லைட்டு, ஆடு, எல்லாம். நான் ஒரு தடவகூடத் தப்பா சொன்னதில்ல. நான் போயிருந்தா டிராக்டர்னு சொல்லியிருப்பேன்."

பெயர் மறைக்காத அட்டைகள்

அந்த வாரத்தோடு விளையாட்டு நின்றுபோனது. ராசய்யாவுக்கு லைசென்ஸ் போனது, வேனும் போனது. பிறகு பல வருஷம் கோவிந்தண்ணன் கடையில் துண்டு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தேக்குப் பெட்டி அலமாரி மேலேயே இருந்தது. பொம்பெய் அட்டையை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் இருவர் மட்டும் பெஞ்சில் இருந்தபோது கேட்டான். "சேகரு, அன்னிக்கு அந்தச் சீட்டுல என்னடா படம் இருந்துச்சு?"

"பொம்பெய்தான்டா" என்றேன்.

அவன் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தான். இன்னொன்றை எடுத்தான்.

அவன் இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு வெங்காயம்.

நடந்தது இதுதான். செவ்வாய் மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் என் மகளை மட்டும் வீட்டில் நிறுத்திக்கொண்டேன். மற்றப் பதினேழு பிள்ளைகள் அந்த வேனில் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.